தேர்வு முடிந்த பிற்பகலில் முடங்கிய தளம்: ஓர் இலவசப் பயிற்சி மையத்தின் ஹோஸ்டிங் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 2016-லிருந்து டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறார். சனி, ஞாயிறு வகுப்பு. கற்றுத்தருகிறவர்கள் எல்லோரும் அதே மையத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள்: விஏஓ ஒருவர், தாலுகா அலுவலக இளநிலை உதவியாளர்கள் இருவர், கூட்டுறவு வங்கியில் ஒருவர். நேரில் வர முடியாதவர்களுக்காக 2019-ல் ஒரு வெப்சைட் தொடங்கினார்கள். பாடக்குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், வாரம் இரண்டு நாள் இரவு எட்டு மணிக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு. பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்து, எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுக்கிற பெண்கள் அதில் நிறைய. அந்த ஒரு மணி நேரம் தளம் திறக்கவில்லை என்றால் அவர்களுக்கு அந்த வாரப் படிப்பே போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் நான் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் இடத்தை, வாங்கியது அப்போதைய மாணவர் ஒருவர். 'அன்லிமிடெட் இடம், அன்லிமிடெட் பேண்ட்விட்த், டொமைன் இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினார். 2022-ல் புதுப்பிக்கும்போது தொகை கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருந்தது; முதல் முறை மட்டும்தான் தள்ளுபடி என்பது சின்ன எழுத்தில் இருந்ததாம். சார் தன் பென்ஷனிலிருந்து கட்டினார். டொமைன் எனும் தளத்தின் முகவரிப் பெயர், ஹோஸ்டிங், மெயில், பேக்கப் நான்கும் ஒரே நிறுவனத்தில், ஒரே லாகினில். அந்த லாகின் யாரிடம் இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் திருநெல்வேலியில் வெப்சைட் வேலை பார்க்கிறவன். 2024 மே மாதம் சார் போன் செய்தார். "தம்பி, எட்டு மணிக்கு டெஸ்ட் ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல சைட்டு படுத்துருது. குரூப் 4 வரப்போகுது. கொஞ்சம் பாருங்க." நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் பெரும்பாலும் செய்தார்கள். எங்கள் பக்கம் அந்த ஒப்பந்தத்தை யாரும் படித்திருக்கவில்லை.

மே மாதம் கண்டது

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தின் லாகின் மட்டும் விஏஓ தம்பியிடம் இருந்தது. உள்ளே போய் ஒரு மாதிரித் தேர்வு நடக்கும் இரவில் உட்கார்ந்து பார்த்தேன். 8.04-க்கு 508 என்ற பிழை வர ஆரம்பித்தது. 500 அல்லது 503 என்றால் காரணம் பத்து இருக்கும். பலருடைய தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் (எங்களுடையது அதுதான்) 508 வந்தால், பெரும்பாலும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒவ்வொரு கணக்குக்கும் போட்டிருக்கும் வரம்பை நாம் முட்டிவிட்டோம் என்று பொருள். சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தைத் திறந்தால் படமே போட்டுக் காட்டும். சிபியு பாதிகூடத் தொடவில்லை, மெமரி இருந்தது, ஆனால் 'என்ட்ரி பிராசஸ்' என்ற கோடு 20-ல் போய் முட்டித் தட்டையாக நின்றது. அதாவது பக்கத்தைச் செய்து தரும் பிஎச்பி நிரலின் வேலை ஒரே நேரத்தில் 20-க்கு மேல் நடக்காது. இருபத்தோராவது ஆளுக்குக் கதவு திறக்காது. அன்லிமிடெட் என்று விளம்பரத்தில் சொன்னது இடத்தையும் பேண்ட்விட்த்தையும் மட்டும்தான். இந்த 20 என்ற எண் விளம்பரத்தில் எங்கேயும் இல்லை, உதவிப் பக்கம் ஒன்றில் இருந்தது.

சரி, 300 பேர் எழுதும் தேர்வுக்கு 20 போதாதா? கணக்கு போட்டுப் பார்த்தேன். தேர்வு நடத்தும் ப்ளகின் (துணை மென்பொருள்) மாணவர் குறித்த விடையைத் தானாகவே பத்து விநாடிக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்பிச் சேமித்துக்கொண்டிருந்தது. 300 பேர், பத்து விநாடிக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 30 கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் 0.7 விநாடி ஆகிறது. 30-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 21. எந்த நொடியில் பார்த்தாலும் சராசரியாக 21 வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும், வரம்போ 20. இவ்வளவுதான் விஷயம்! மாதக்கணக்காக எல்லோரும் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சேமிக்கும் இடைவெளியைப் பத்து விநாடியிலிருந்து அறுபதாக மாற்றினேன். விநாடிக்கு 5 கோரிக்கை, சராசரியாக மூன்றரை வேலை. அன்று சனிக்கிழமை இரவு 300 பேரும் முழுத் தேர்வையும் எழுதி முடித்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. ஹோஸ்டிங் மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன், எந்த வரம்பு முட்டுகிறது என்று தெரியாமல் பெரிய திட்டத்துக்கு மாறினால் காசுதான் போகும், பிரச்சினை கூடவே வரும்.

இரண்டாவதாகக் கண்டது பேக்கப். 'தினசரி பேக்கப் இலவசம்' என்று இருந்தது. உள்ளே பார்த்தால் கடைசி பேக்கப் பல மாதங்களுக்கு முந்தையது. சப்போர்ட்டில் கேட்டபோதுதான் தெரிந்தது, கோப்புகளின் எண்ணிக்கை, அவர்கள் மொழியில் ஐநோட், ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கை பேக்கப்பில் சேர்க்க மாட்டார்களாம். எங்களிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. பாதி, பழைய கேச் கோப்புகளும் (முன்பே செய்துவைத்த பக்கங்களின் பிரதிகள்) ஒவ்வொரு படத்துக்கும் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாகச் செய்துவைக்கும் ஏழெட்டு அளவுகளும். சுத்தம் செய்தேன்.

பிறகு நானே ஒரு பேக்கப் எடுத்து என் கணினியில் மீட்டுப் பார்த்தேன். இரண்டு அதிர்ச்சி. பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவி வழியாக இறக்கிய டேட்டாபேஸ் கோப்பு நேரம் முடிந்து பாதியில் அறுந்திருந்தது. பிழை எதுவும் காட்டவில்லை, கோப்பு இறங்கிவிட்டது என்றுதான் தோன்றியது. சர்வரிலேயே குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையாக, டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையை ஓடவிட்டு முழுதாக எடுத்தேன். அதை ஏற்றினால் கேள்விகள் எல்லாம் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர் என்று வரிவரியாக ஓடின. தமிழில் பழைய டேட்டாபேஸ் கையாண்டவர்களுக்கு இந்தக் கோலம் பழக்கம். 2019-ல் நிறுவியபோது டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லேட்டின்1 என்று குறிக்கப்பட்டு, உள்ளே போனதோ எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ். இருக்கிற இடத்தில் இருக்கும்வரை சரியாகத் தெரியும், வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு முறை மாற்றப்பட்டு உடையும். டம்ப் எடுக்கும்போது லேட்டின்1 என்றே சொல்லி எடுத்து, கோப்புக்குள் இருக்கும் குறியை யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யுடிஎஃப்-8-க்கான பெயர்) என்று மாற்றி ஏற்றினால் எழுத்து திரும்பி வந்துவிடும். வந்தது. எட்டாயிரம் கேள்விகள், ஒவ்வொன்றும் ஆசிரியர்கள் கையால் தட்டியது. மீட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த பேக்கப்பை நம்பிக்கொண்டே இருந்திருப்போம்.

தேர்வுக்கு முன் எடுத்த முடிவு

மே கடைசி வாரம் சாரும் நானும் பேசினோம். புது ஹோஸ்டிங்குக்கு மாறலாமா, தேர்வு முடிந்தபின் பார்க்கலாமா? தேர்வு ஜூன் 9. இரண்டு வாரம்கூட இல்லை. நான் இப்போது மாற வேண்டாம் என்றேன். எட்டு மணிப் பிரச்சினை தீர்ந்திருந்தது. மாற்றும்போது ஏதாவது உடைந்தால் கடைசி வாரம் படிக்கிற பிள்ளைகள்தான் மாட்டுவார்கள். காரணம் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் தேர்வு நாள் பிற்பகலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எட்டு மணி மாதிரித் தேர்வுதான் தளத்தின் உச்ச நேரம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பேக்கப் எடுக்க வேண்டும் என்றபோது சார், "அவங்களே எடுக்கறாங்களே தம்பி, இப்பதான் சுத்தமும் பண்ணிட்டீங்க, எதுக்குத் தனியா?" என்றார். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்ததைச் சொன்னேன். "ஸ்ட்ராஸ்பூர்க்கா? ஐரோப்பிய நாடாளுமன்றம் இருக்கிற ஊர்தானே?" என்றார் உடனே. அதேதான். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி. யாருக்கும் காயமில்லை, ஆனால் லட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் முடங்கின. தளமும் அதன் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு சார் எதிர்த்துப் பேசவில்லை. ஜூன் 7 இரவு கடைசி பேக்கப் எடுத்து என் கணினியிலும் கூகுள் டிரைவிலும் வைத்தேன்.

ஜூன் 9

குரூப் 4 தேர்வு காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடியும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அந்த வருடம் 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். தேர்வாணையத்தின் விடைக்குறிப்பு சில நாள் கழித்துத்தான் வரும், எழுதிவிட்டு வந்தவருக்கோ அதுவரை பொறுக்காது. பேருந்து நிலையத்தில் நின்றபடியே வினாத்தாளை விரித்து விடை தேடுவார்கள். மையத்தின் ஆசிரியர்கள் ஒவ்வொரு தேர்வுக்கும் மதியமே உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைப் பக்கம் எண்ணோடு பார்த்து, விடை தயாரித்துத் தளத்தில் போடுவார்கள். கவனமாகச் செய்வதால் அதற்கு வெளியூரிலும் நல்ல பெயர். எனக்கு இது தெரியாது.

மூன்று மணிக்குத் தமிழ்ப் பகுதியின் 100 விடையும் தளத்தில் ஏறின. இணைப்பு வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பரவியது. அப்புறம் பொது அறிவு விடைகளைப் பத்துப் பத்தாக அதே பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்தப் பக்கத்தின் கேச் அழியும். அடுத்த நொடி வருகிற அத்தனை பேருக்கும் வேர்ட்பிரஸ் பக்கத்தைப் புதிதாகச் செய்து தர வேண்டும். ஆட்களோ புது விடை வந்துவிட்டதா என்று ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தார்கள். 3.40-க்கு 508. விஏஓ தம்பி போன் செய்தார். கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால் கடைசி அரை மணி நேரத்தில் 2,900 பேர். நான் பதறிப்போய் சிபேனலுக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்து தர வேண்டியில்லாத வெறும் எச்டிஎம்எல் கோப்பாக்கத் தொடங்கினேன். வேலை பாதியில் இருக்கும்போதே, 4.10-க்கு, சிபேனல் என்னை வெளியே தள்ளியது. தளத்தைத் திறந்தால் இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வெள்ளைப் பக்கம்.

கணக்கை முடக்கினால் சிபேனலும் மூடிவிடும், அங்கே இருக்கும் பேக்கப்பும் எட்டாது, மெயிலும் நின்றுவிடும். சாட்டில் வந்தவர் மற்ற வாடிக்கையாளர்களைப் பாதிக்கும் அளவு சிபியு பயன்படுத்தினீர்கள், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார். மாறுகிறோம், இப்போதே திறந்துவிடுங்கள் என்றேன். அதற்கு வேறு பிரிவு, டிக்கெட் (எழுத்தில் புகார்) போடுங்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் முன் இருந்த வழிகளைச் சாரிடம் போனில் சொன்னேன். டிக்கெட்டுக்குக் காத்திருப்பது ஒன்று. இரண்டு நாள் முந்தைய பேக்கப்பை வைத்து வேறு இடத்தில் தளத்தையே எழுப்புவது இன்னொன்று, அதற்கு இரவு ஆகிவிடும். மூன்றாவது, விடைப் பக்கத்தை மட்டும் எடுத்து வெறும் எச்டிஎம்எல்லாக வேறொரு இலவச இடத்தில் வைப்பது. "பசங்க விடைக்குத்தான் தேடுதாங்க. அதை மட்டும் குடுங்க, மத்தது நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். சரியான முடிவு. விடைகள் ஆசிரியர்களின் நோட்டிலும் ஒரு கூகுள் ஷீட்டிலும் இருந்தன. 200 வரி, மொத்தம் 30 கிலோபைட்கூட வராது. அதற்கு டேட்டாபேஸும் வேண்டாம், பிஎச்பியும் வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் என்ற அப்படியோர் இலவச இடத்தில் ஏற்றினேன். இருபது நிமிடத்தில் உயிரோடு இருந்தது, எத்தனை பேர் வந்தாலும் அசையவில்லை.

ஆனால் முகவரி வேறு. குழுக்களில் பரவிக்கிடந்த பழைய இணைப்பு அந்த வெள்ளைப் பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது. டொமைனை இந்தப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்கு டொமைன் லாகின் வேண்டும்.

டொமைன் யார் பெயரில்

டொமைன் அந்த 2019 மாணவரின் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய பழைய போன் எண்ணில் இருந்தது. அவர் இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அன்றைக்கு மையத்துக்கென்று ஒரு மெயில் முகவரிகூடக் கிடையாது, அவர் காசில் அவர் வாங்கிக் கொடுத்தது. அன்று மாலை அவரைப் பிடிக்க முடியவில்லை. ஏழு மணிக்குள் புது முகவரியை டெலிகிராமில் போட்டோம், யாரோ போலி இணைப்பு அனுப்புகிறார்கள் என்று சிலர் எச்சரித்தார்கள், சாரே குரல் பதிவு போட்டு இது நம்முடையதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் கணக்கைத் திறந்துவிட்டார்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். ஜூன் 12 அன்று மஸ்கட் தம்பி விடுப்பு நாளில் ஒரு மணி நேரம் போனிலேயே இருந்து லாகினை மீட்டுக்கொடுத்தார். நல்ல வேளை, மெயில் உயிரோடு இருந்தது, போன் எண்தான் செத்திருந்தது. இங்கே நான் ஒரு தவறு செய்தேன். உரிமையாளர் மெயிலை உடனே மையத்தின் மெயிலாக மாற்றினேன். டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளரின் பெயரோ மெயிலோ மாறினால், முன்கூட்டியே விலக்கு பெறாவிட்டால் 60 நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழும், டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் அப்போதைய விதி அது. முதலில் டொமைனை மாற்றிவிட்டு, பிறகு விவரங்களைத் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் பூட்டு இருந்தாலும், டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்ற முடியும், அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். நேம்சர்வரை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவசத் திட்டத்துக்கு மாற்றினேன். இனி ஹோஸ்டிங் நிறுவனம் முடங்கினாலும் முடக்கினாலும், தளத்தை வேறெங்காவது திருப்பிவிட எங்கள் கையில் ஒரு சுக்கான் இருக்கும். டொமைனை ஆகஸ்ட்டில், பூட்டு கழன்றபின், ஹோஸ்டிங்கோடு சம்பந்தமில்லாத வேறொரு பதிவாளரிடம் கொண்டுபோனோம். மாற்றும்போது கட்டுகிற தொகைக்கு ஒரு வருடம் கூடச் சேர்ந்துவிடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை.

புது ஹோஸ்டிங்கைத் தேர்ந்தது எப்படி

விபிஎஸ் எடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது பெரிய சர்வர் ஒன்றில் நமக்கென்று பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்; அப்போது மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் கொடுத்தால் 2 ஜிபி மெமரியோடு கிடைத்தது, 20 என்ற வரம்பெல்லாம் இருக்காது. நான் வேண்டாம் என்றேன். அந்த சர்வரில் பாதுகாப்பு அப்டேட் போட, டிஸ்க் நிறைந்தால் பார்க்க, இரவு ஒரு மணிக்கு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் நின்றால் எழுப்ப மையத்தில் ஆள் இல்லை. நான் ஒருவன், எனக்குக் காய்ச்சல் வந்தால்? பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற நிறுவனத்தின் நல்ல ஷேர்டு ஹோஸ்டிங்தான் பொருத்தம். கூட்டம் அலைமோதும் பக்கங்களை அதிலிருந்து பிரித்து வெளியே வைத்துவிட்டால் மீதிக்கு அது தாராளம்.

இணையத்தில் வரும் 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' பட்டியல்களை நான் பார்க்கவில்லை. நிறைய பட்டியல்களில் நாம் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும். தளம் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்ற உத்தரவாதத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மீதி 0.1 சதவீதமே வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் வரும், அதற்கு மேல் நின்றால் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்குதான். ஜூன் 9 பிற்பகலை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அதற்குப் பதில் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அனுப்பினேன், வேண்டுமென்றே அந்த நேரத்தில். என்ட்ரி பிராசஸ் வரம்பு எத்தனை? எத்தனை ஐநோட்டுக்கு மேல் பேக்கப் எடுக்க மாட்டீர்கள்? வரம்பு மீறினால் வேகத்தைக் குறைப்பீர்களா, கணக்கையே முடக்குவீர்களா? முடக்கினால் பேக்கப்பை இறக்க வழி உண்டா? மூன்றாம் வருடம் கட்டணம் என்ன? ஒரு நிறுவனம் விளம்பர வாசகத்தை அப்படியே ஒட்டி அனுப்பியது. இன்னொன்று செவ்வாய்க்கிழமை பதில் போட்டது. மூன்றாவது இருபது நிமிடத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணோடு பதில் தந்தது, அதில் ஒன்று எங்களுக்குப் பிடிக்காத பதிலும்கூட: இத்தனைக்கு மேல் ஐநோட் போனால் நாங்களும் பேக்கப் எடுக்க மாட்டோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பிடிக்காத பதிலை வாங்குவதற்கு முன்பே சொல்கிறவர்களை எனக்குப் பிடித்தது. வரம்பு மீறினால் வேகத்தை மட்டும் குறைப்போம், முடக்குவதற்கு முன் போன் செய்வோம் என்றார்கள். சர்வர் மும்பையில். பழையது அமெரிக்காவில் இருந்தது, திருநெல்வேலியிலிருந்து பிங் (சர்வர் பதில் தர ஆகும் நேரம்) 250 மில்லிசெகண்டுக்கு மேல், இது 50-க்குள். மாணவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டில் இருக்கும்போது சர்வர் அமெரிக்காவில் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

கட்டணம் பழையதைவிட வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதல், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. முதலில் மாதக் கட்டணத்தில் மட்டும் எடுத்தோம். மூன்று மாதம் பார்த்தபிறகுதான் ஒரு வருடத்துக்குக் கட்டினோம்.

மாற்றிய இரவும் திரும்பிப்போன மெயிலும்

ஜூன் 19 இரவு மாற்றினோம். முந்தின நாளே டிடிஎல்லை 14400 விநாடியிலிருந்து 300-க்குக் குறைத்திருந்தேன், அதாவது நான்கு மணி நேரம் பழைய முகவரியை நினைவில் வைத்திருப்பவர்கள் இனி ஐந்து நிமிடம்தான் வைத்திருப்பார்கள். புது சர்வரில் தளத்தை முழுதாக ஏற்றி, என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது முகவரியை எழுதிச் சோதித்தேன். தமிழ் எழுத்து சரி, தேர்வு ஓடுகிறது, மதிப்பெண் வருகிறது. பதினொன்றரைக்கு, டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றினேன். பன்னிரண்டுக்குள் எல்லோரும் புது வீட்டில். பழைய கணக்கை உடனே ரத்து செய்யவில்லை, ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் பார்வையற்ற மாணவர் ஒருவர் சாருக்குப் போன் செய்தார். பாடக்குறிப்பு ஒலி வடிவில் கிடைக்குமா என்று இரண்டு முறை மெயில் போட்டாராம், இரண்டும் திரும்பி வந்துவிட்டதாம். அப்போதுதான் பார்த்தேன். பழைய ஹோஸ்டிங்கில், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு தளத்தின் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. சிபேனலில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். நான் ரெக்கார்டுகளை ஒன்றுவிடாமல் நேம்சர்வருக்குக் கொண்டுவந்திருந்தேன், எம்எக்ஸும் இருந்தது, அதனால் மெயில் பத்திரம் என்று நினைத்தேன். தளத்தின் பெயர் புது சர்வரைக் காட்டத் தொடங்கியதும் மெயிலும் அதன் பின்னாலேயே அங்கே போய்விட்டது, அங்கே அஞ்சல்பெட்டியே இல்லை. மூன்று நாளில் எத்தனை பேர் மெயில் திரும்பிப் போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்தத் தம்பி போன் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ, நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

மெயிலை ஹோஸ்டிங்கிலிருந்தே பிரித்து ஜோஹோ மெயிலுக்குக் கொண்டுபோனோம். பக்கத்து மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருப்பதால் சாருக்கு அதில் தனி மகிழ்ச்சி. மெயில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் சேர்த்தபிறகு பாஸ்வேர்டு மாற்றும் மெயில்கள் ஸ்பேமில் விழுவதும் நின்றது.

அடுத்து வந்த பிரச்சினைகளும் அடுத்த தேர்வும்

புது ஹோஸ்டிங்கிலும் சிக்கல் வந்தது, வராத இடம் கிடையாது. செப்டம்பரில் ஒரு மாலை தளம் நாற்பது நிமிடம் நின்றது. அப்டைம்ரோபோட் என்ற கண்காணிப்புச் சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்ப்பதால், மாணவர்கள் சொல்வதற்கு முன் எனக்குச் செய்தி வந்தது. போன் டேட்டாவிலும் வீட்டு வைஃபையிலும் திறந்து பார்த்தேன், இரண்டிலும் இல்லை. டிஎன்எஸ், அதாவது டொமைனைச் சர்வரோடு இணைக்கும் பதிவு, சரியாக இருந்தது. சர்வர் பிங்குக்குப் பதில் தந்தது, தளம் மட்டும் 503. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகவில்லை. இவ்வளவையும் நேரத்தோடு, பிழை எண்ணோடு, என் ஐபி முகவரியோடு டிக்கெட்டில் எழுதினேன். 'சைட் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று மட்டும் எழுதினால் முதல் பதிலாக உங்கள் கேச்சை அழித்துப் பாருங்கள் என்று வரும், அதற்கே அரை மணி நேரம் போகும். பதினைந்து நிமிடத்தில் வெப் சர்வர் மென்பொருளில் கோளாறு, சரி செய்துகொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுநாள் என்ன நடந்தது என்று எழுதியும் அனுப்பினார்கள்.

2025 ஜூலை 12, சனிக்கிழமை, அடுத்த குரூப் 4. இந்த முறை விடைப் பக்கம் தொடக்கத்திலேயே வேர்ட்பிரஸுக்கு வெளியே, எங்கள் டொமைனின் கீழேயே ஒரு சப்டொமைனில், வெறும் கோப்பாக. ஆசிரியர்கள் கூகுள் ஷீட்டில் விடையைத் திருத்துவார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தானாகப் புதிதாகும். மாணவர் தன் விடைகளைத் தட்டினால் மதிப்பெண்ணைச் சொல்லும் வசதியையும் வைத்தோம், அந்தக் கணக்கு அவர் போனிலேயே நடக்கும், சர்வருக்கு எதுவும் வராது. நான் அன்று மையத்துக்கே போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டே முக்காலுக்கு முதல் விடைகள் ஏறின. நான்கு மணி வாக்கில் முன்பைவிட மூன்று மடங்கு கூட்டம். முதன்மைத் தளம் ஒருமுறை மெதுவாகி, தானே மீண்டது. விடைப் பக்கம் அசையவில்லை. ஆறு மணிக்கு, கடைசி கணிதக் கேள்வியில் இரண்டு ஆசிரியர்களுக்குள் விடை பி-யா சி-யா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது, தளத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

இப்போது செய்வதென்றால்

முதல் நாளே டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்திருப்பேன். ஹோஸ்டிங்கை மாற்றாமல் விட்டது சரியாகவே இருக்கட்டும், நேம்சர்வரை மட்டுமாவது மே மாதமே பிரித்திருந்தால் ஜூன் 9 பாதிப்பு அரை மணி நேரத்தோடு முடிந்திருக்கும். தளத்தில் எப்போது கூட்டம் வரும் என்று நானே ஊகிக்காமல், சாரிடமும் ஆசிரியர்களிடமும் உட்கார்ந்து அவர்களுடைய ஒரு வருடக் காலண்டரைக் கேட்டிருப்பேன். மாற்றுவதற்கு முன் வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்திருப்பேன், மாற்றியபின் இன்னொன்று.

இன்னும் சரியாகாத ஒன்றும் இருக்கிறது. தினமும் இரவு பேக்கப் கூகுள் டிரைவுக்குத் தானாகப் போகிறது, மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்கிலும் ஏறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எங்காவது மீட்டுப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். மைய பீரோவில், வாடகை ஒப்பந்தத்தோடு ஒரே உறையில், சார் ஒரு தாள் வைத்திருக்கிறார். டொமைன் எங்கே, எந்தத் தேதி முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, லாகின் தெரிந்த இரண்டு பேரின் எண்கள், அதற்குக் கீழே பேக்கப்பை மீட்டுப் பார்த்த தேதிகள். 2025 ஜூலையில் பார்த்தபோது அந்தக் கட்டத்தில் இரண்டு தேதிதான் இருந்தது. நான்கு இருந்திருக்க வேண்டும்.